ங-வில் ஒரு பெயர்

தம்பி,

சனிக்கிழமை நீ மல்லாவியிலிருந்து அழைத்தபோது, "அப்பா" என்றதற்குப் பிறகு சிறிது நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு வெடித்தாய். "அப்பா, நீங்களே சொல்லுங்கோ. ங-விலை ஆருக்காவது பேர் வைக்கேலுமோ? இந்த உலகத்திலை ஒரு சொல்லாவது ங-விலை துவங்குதோ?" வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். நீ அழாக்குறையாக நிற்கும்போது சிரிப்பது தகப்பனுக்கு அழகில்லை. குசினியில் நின்ற உன் அம்மா அடக்கவில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்துதான் நீ போனை வைத்திருப்பாய். கடிதத்தை அப்படிச் சட்டென்று வைத்துவிட முடியாது, வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்கிற உன் கூட்டாளிகள் யாருக்காவது காட்டுவதென்றாலும் காட்டு.

நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார். உன் மகள் திருவாதிரையில், மூன்றாம் பாதத்தில் பிறந்திருக்கிறாள். எந்தப் பாதத்தில் பிறந்த பிள்ளைக்கு எந்த எழுத்தில் பெயர் தொடங்கவேண்டும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. திருவாதிரைக்குக் கு, க, ங, ச. மூன்றாம் பாதத்துக்கு விழுந்தது ங. கனகராயன்குளத்துச் சாத்திரியார் நல்ல மனிதர். "அதே நட்சத்திரத்தின்ரை மற்ற எழுத்திலையும் வைக்கலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினாராம். உன் மாமி அதற்கு மசியவில்லை. பாதத்துக்கு உரிய எழுத்தே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நீ, "உங்கடை சாத்திரத்தைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ளை வையுங்கோ" என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாய். முப்பத்தொண்டுக்கும் வரமாட்டேன் என்றாயாம். பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் கழித்து, பெயர் வைத்து, அதைப் பிள்ளையின் காதில் சொல்கிற நாள் அது. அன்றைக்குத் தகப்பன் இல்லாவிட்டால் பிள்ளையைப் பெற்ற தர்சிகா யாருடைய முகத்தைப் பார்ப்பாள்? நீ போன அன்று அவள் சாப்பிடவில்லை. இதை உன் மாமி சொல்லவில்லை, அவளே தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னாள்.

முதலில் அந்த எழுத்தின் கதையைப் பார்ப்போம். உன் அரிவரிப் படப்புத்தகம் நினைவிருக்கிறதா? அ-வுக்கு அம்மா, ஆ-வுக்கு ஆடு, க-வுக்குக் கண். ஒவ்வொரு எழுத்தும் தன் படத்தின் பெயருக்கு முதலில் நின்றது. ங-வுக்கு மட்டும் சங்கு போட்டிருந்தார்கள். நீ பென்சிலால் அந்தச் சங்கைக் குறுக்கே வெட்டி, "இது ச-வின்ரை படம். களவெடுத்துப் போட்டாங்கள்" என்று என்னிடம் முறைப்பாடு கொண்டுவந்தாய். நான் அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன். "ங கூச்சக்காரன், தம்பி. தனிய முன்னுக்கு வரமாட்டான். க-வின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நடுவுக்குள்ளைதான் வருவான்." அதன் பிறகு கண்ட இடமெல்லாம் ங-வைத் தேடினாய். தங்கம், நுங்கு, மாங்காய், அங்கே, இங்கே. பக்கத்தில் க நிற்பதைக் கண்டதும் கை தட்டுவாய். க-வை விட்டு அவன் தனியே நிற்கிற இடங்கள் ஒன்றிரண்டு உண்டு என்று பிறகு அறிந்துகொண்டேன். அதை உனக்குச் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

வாய்க்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து இதை மெதுவாகச் சொல்லு: சங்கு, பஞ்சு, நண்டு, பந்து, பாம்பு. சங்கில் நாக்கின் அடி தொண்டைப் பக்கம் முட்டும். பஞ்சில் நடுநாக்கு மேலே தொடும். நண்டில் நுனி வளைந்து ஏறும். பந்தில் பல்லைத் தட்டும். பாம்பில் உதடு இரண்டும் மூடிக்கொள்ளும். பின்கட்டில் புறப்பட்டு முன்வாசலுக்கு வருவதுபோல ஒலி நடந்து வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் வல்லினம் ஒன்று, அதே இடத்தில் மூக்கால் வருகிற மெல்லினம் ஒன்று என்று சோடி சோடியாகக் குடியிருக்கின்றன. சோடியை மாற்றிச் 'சங்டு' என்று சொல்லிப் பார், நாக்கு இடறும். ம-வும் ந-வும் வீட்டை விட்டு வெளியே வந்து எத்தனையோ சொல்லைத் தொடங்கிவைக்கின்றன. ங பின்கட்டிலேயே இருந்துவிட்டது. தமிழ் வாத்தியாரைக் கேட்டால் பழைய சொல் ஏதாவது எடுத்துக் காட்டக்கூடும், ஆனால் பிள்ளைக்கு வைக்கத்தக்கதாக ஒன்றும் அகப்படாது. இது உன் மாமியின் பிழையுமில்லை, உன் பிழையுமில்லை. அந்த அட்டவணையை வேறொரு பாஷையின் எழுத்து வரிசையை வைத்துப் போட்டிருக்கிறார்கள். நம்முடைய வாய்க்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை அல்ல.

நீங்கள் இருவரும் முயன்று பார்த்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். 'ஙிலானி' என்று ஒரு பெயர் கட்டினீர்களாம். தர்சிகா அதை அயல்வீட்டு அக்காவிடம் சொன்னதும், "நிலானியோ, நல்ல பேர்!" என்று அவர் சந்தோசப்பட்டாராம். திருப்பிச் சொன்னபோதும் நிலானிதானாம். காது தனக்குப் பழகியதைத்தான் கேட்கும், தம்பி. பிறகு நீ முன்னுக்கு ஒரு இ போட்டு 'இங்கவி' என்றாய். அது கெட்டிக்காரத்தனம்தான். தமிழும் அதைத்தானே செய்திருக்கிறது? ராசா வந்தபோது ஒரு படி கட்டி இராசா ஆக்கியது, லட்சுமியை இலட்சுமி ஆக்கியது. நான் தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் போனது 'இஸ்கூலு'க்கு. ஆனால் உன் மாமி, "அது இ-விலையெல்லோ துவங்குது?" என்று கேட்டுவிட்டார். கேட்டது நியாயம். அந்த இடத்தில்தான் உனக்குக் கோபம் வந்தது.

பெயர் விசயத்தில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு என்பதை நீ மறந்துவிடாதே. ஆஸ்பத்திரியில் கிளினிக் வாசலில் நின்று பெயர் கூப்பிட்டே ஓய்வுபெற்றவன் நான். துண்டுகள் ஆங்கிலத்தில் வரும். ஒருநாள் வி, ஏ, என், ஐ என்று நாலு எழுத்து வந்தது. 'வனி' என்று கூப்பிட்டேன், யாரும் எழும்பவில்லை. 'வானி' என்றேன். 'வாணி' என்றேன். கடைசியில் பொறுமை கெட்டு வெப்பிசாரத்தில் 'வன்னி! வன்னி!' என்று கத்தினேன். மர வாங்கில் இருந்த ஒரு கிழவர் எழும்பி, "தம்பி, இதிலை இருக்கிற நாங்கள் எல்லாரும் வன்னிதான். இப்ப ஆர் உள்ளுக்கு வாறது?" என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது, உள்ளே இருந்த டொக்டரும் எட்டிப் பார்த்தார். உண்மையான வாணி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். ஒரு எழுத்தைக் குறுக்கினால் ஒருத்தி, நீட்டினால் இன்னொருத்தி, இரட்டித்தால் ஒரு தேசமே வந்து வாசலில் நிற்கும். அன்றிலிருந்து துண்டை வாங்கும்போதே, "பேரை ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

அங்கே நின்றுதான் நம்முடைய ஆட்கள் பெயர் கட்டுகிற விதத்தையும் பார்த்தேன். ஆணா பெண்ணா என்று துண்டில் பார்க்கத் தேவையில்லை, வாலைப் பார்த்தால் போதும். ன் என்று முடிந்தால் பெடியன். ஆ, இ என்று முடிந்தால் பெட்டை. முன்துண்டு ஒரு இடத்தில் எடுப்பார்கள், வாலை இன்னொரு இடத்தில் எடுப்பார்கள். டினோ, சுஜீ, கஜீ என்று ஏதாவது ஒன்று, அதன் பின்னால் ஜன், பன், தன், இல்லாவிட்டால் ஜா, கா, னி. உன் பெயரை அம்மா அப்படித்தான் கட்டினாள். நான் செல்வராசு என்று வைக்கக் கேட்டேன், "பிள்ளை பிறக்கேக்கையே கிழவனாக்கப் போறியளோ?" என்று மறுத்துவிட்டாள். நீ பெரிய வகுப்புக்கு வந்ததும், "என்ரை பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாய். வகுப்பில் எல்லோரும் சொன்னார்களாம், உனக்குச் சொல்ல ஒன்றுமில்லையாம். நிரோஜன் என்றால் நீதான் என்று சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாய். இப்போது மல்லாவியில் போய்க் கேட்டுப் பார். நெல்லில் பூச்சி விழுந்தால் வெயில் பாராமல் வயலுக்குள் இறங்கிப் பார்க்கிற விவசாயப் போதனாசிரியர் என்று அர்த்தம் சொல்வார்கள். பெயருக்கு அர்த்தம் பிறகு வந்து சேரும். அந்தப் பெயரையும் அம்மா முழுதாகக் கூப்பிட்டதில்லை. ன் என்று முடித்தால் சத்தம் மூக்குக்குள் போய் நின்றுவிடும், வரம்பு தாண்டாது. அதனால் வாலை வெட்டிவிட்டு "நிரோஓஓ" என்று இழுப்பாள். வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த நீ அதற்குத்தான் ஓடி வருவாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது மருமகன்களுக்கு உரியது. நான் உன் அம்மாவைக் கட்டி அந்த வீட்டுக்குள் போனபோது என் வாயில் இருந்தது தோட்டத்துத் தமிழ். அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து வயல் செய்தவர்கள். நான் 'ஆமா' என்பேன், அவர்கள் 'ஓம்' என்பார்கள். நான் 'வரேன்' என்பேன், அவர்கள் 'வாறன்' என்பார்கள். ஊர், சாதி எல்லாம் கேட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறந்த உடனேயே பாதி தெரிந்துவிட்டது அவர்களுக்கு. முதல் முறை உன் அம்மா, "நான் நேற்றுச் சந்தைக்குப் போனனான்" என்றபோது நான் விழித்தேன். முன்னுக்கு ஒரு நான், பின்னுக்கும் ஒரு நான். "ஒரு ஆள் போனதுக்கு ரெண்டு நானா?" என்று கேட்டுவிட்டேன். அவளுடைய தமையன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல், "போன ஆள் நான்தான் எண்டு உறுதியாச் சொல்லுறது அது" என்று விளங்கப்படுத்தினாள். அதைக் கேட்டதும் அந்தச் சொல்லில் எனக்கு ஆசை வந்துவிட்டது. கொஞ்சக் காலத்தில் நானும் போனனான், வந்தனான், சாப்பிட்டனான் என்று கதைக்கத் தொடங்கினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்த வீட்டிலும் எழுதி ஒட்டாத சில ஒழுங்குகள் இருக்கும். வெளியிலிருந்து போகிறவனுக்கு அவை விசராக, கிறுக்காகத் தெரியும். சிரிக்கலாம், கேள்வியும் கேட்கலாம். அடுப்புக்குள் வை என்று மட்டும் சொல்லக்கூடாது.

அதுவும் உன் மாமியிடம் சொல்லியிருக்கக்கூடாது. முதல் பிள்ளை தர்சிகாவின் வயிற்றிலேயே போனபோது நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அவர் யாரைப் பிடித்து அழுதார்? தர்சிகா வயிற்றில் பிள்ளையோடு இருந்த நேரம் புதுவீட்டுக்கு அத்திவாரம் வெட்டியது அவர்தான். வெட்டக்கூடாது என்று சொன்னவர்களைக் கேட்காமல், மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்று ஆட்களைக் கூப்பிட்டு வெட்டினார். அதனால்தான் பிள்ளை போனது என்று நானும் நம்பவில்லை, நீயும் நம்பவில்லை. டொக்டர் வேறு காரணம் சொன்னார். ஆனால் அந்த மனுசி அந்த அத்திவாரத்தின் மேல் எழும்பிய வீட்டில்தான் ஒவ்வொரு நாளும் சமைத்துச் சாப்பிடுகிறார். இந்த முறை எதையும் மீறமாட்டேன் என்று அவர் நேர்ந்துகொண்டதில் ஆச்சரியம் என்ன? அவர் ங-வைப் பிடித்துக்கொண்டு நிற்பது பிடிவாதத்தால் அல்ல, பயத்தால். எனக்கு அதை நினைக்க மனம் நோகிறது.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நீ வேலையில் இருந்த நேரம் தர்சிகாவின் போனுக்கு வீடியோவில் எடுத்தேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். உன் மாமி நிலத்தில் காலை நீட்டி, இரண்டு காலுக்கும் நடுவில் உன் மகளைக் கிடத்தி, குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். அழுது அவருடைய கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அண்ணை, மருமோன் கோவிச்சுக்கொண்டு போட்டார்" என்றார். "எனக்கும் விளங்குது, அப்பிடிப் பேர் இல்லையெண்டு. ஆனா என்ரை மனம் கேக்குதில்லை. ஒண்டை விட்டிட்டு வைச்சு, பிறகு பிள்ளைக்கு ஏதும் எண்டால் நான் என்ன செய்வன்?"

அந்த நேரம் பார்த்து உன் மகள் கண்ணை உருட்டி, காலை உதைத்து, "ங்ங... ங்ஙா" என்றாள். உன் மாமி அழுகையை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்தார். "ங்ஙா! என்ரை ங்ஙாக்குட்டி! ஓமடி ராசாத்தி, ங்ஙா சொல்லுங்கோ, ங்ஙா!"

"தங்கச்சி, இப்ப என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே, அண்ணை. பிள்ளையோடை கதைச்சனான்."

"பிள்ளையை என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?"

தர்சிகாதான் முதலில் பிடித்தாள். "அம்மா, பிறந்த நாளிலையிருந்து ங்ஙாக்குட்டி, ங்ஙாக்குட்டி எண்டுதானே கூப்பிடுறீங்கள்!" என்று கத்தினாள். போன் கையிலிருந்து விழுந்து கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது. சிரிப்புச் சத்தமும் அழுகைச் சத்தமும் சேர்ந்து கேட்டது, யாருடையது எது என்று தெரியவில்லை. கடைசியில் உன் மாமியின் முகம் திரும்ப வந்தது. "அண்ணை, அப்ப... இதுதானோ பேர்?" என்று கேட்டார். நான் சந்தோசத்தில் "ஆமா!" என்றேன். எத்தனையோ வருசமாக ஓம் போட்ட வாய்க்கு அந்த நேரத்தில் ஆமாதான் வந்தது. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

உன் மாமியே முடிவும் சொன்னார். பாதத்துக்கு உரிய எழுத்துக் காதில் விழுந்தால் அவருக்கு மனம் ஆறுமாம். முப்பத்தொண்டு அன்று காதில் சொல்கிற பெயர் ங்ஙா. பதிவுக்குச் சங்கவி என்று நான் கேட்டேன், அவருக்கும் தர்சிகாவுக்கும் பிடித்திருக்கிறது. முன்னுக்கு அதே திருவாதிரையின் ச நிற்கிறது, அதற்குப் பின்னால் க-வின் கையைப் பிடித்துக்கொண்டு ங நிற்கிறது, வால் இ-யில் முடிவதால் வயல் தாண்டிக் கூப்பிடவும் கேட்கும். உனக்குச் சம்மதமென்றால் அதுவே. இல்லையென்றால் வந்து சொல்லு, போனில் வேண்டாம். நீ சின்ன வயதில் குறுக்கே வெட்டிய சங்கு இப்போது உன் மகளின் பெயரில் ஏறி இருக்கிறது. ஏன் அந்தப் படம் என்று அவளும் ஒருநாள் கேட்பாள், பதிலை இப்போதே யோசித்து வை.

ஆனால் அந்தப் பெயரை முதலில் காதில் சொல்லவேண்டியது நீ. அதை வேறு யாரும் சொல்ல உன் மாமி விடமாட்டார். "மருமோன் வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் நான் பிள்ளையோடை வாய் திறக்கிறேல்லை" என்று நேற்றிலிருந்து நிற்கிறாராம். மனுசி எவ்வளவு நேரம் தாங்குமோ தெரியாது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேரே கனகராயன்குளத்துக்குப் போ. வாசலில் நின்று மாமியிடம், "பிழையாக் கதைச்சுப்போட்டன் மாமி" என்று ஒரு வரி சொல்லு, நீட்டி முழக்காதே. தர்சிகாவுக்கு ஏதாவது சாப்பிடக் கொண்டுபோ. பிறகு பிள்ளையைத் தூக்கு. போகிற வழியில் கொஞ்சம் பழகிக்கொள், ஏனென்றால் உன் மாமிக்கு வருவதுபோல வளர்ந்த தமிழனின் வாயில் அது லேசில் வராது. நான் நேற்றிலிருந்து முயல்கிறேன், எனக்கு நங்கா என்றும் ஞங்கா என்றும்தான் வருகிறது. நாக்கின் அடியைத் தொண்டைப் பக்கம் முட்டவிட்டு, மூக்கால் தொடங்கவேண்டும். அப்படியும் வராவிட்டால் வெட்கப்படாமல் உன் மகளையே கேள். அவள் சொல்லித் தருவாள்.

இங்ஙனம்,
அப்பா